இரண்டு உள்பெட்டி சீனி

காலை பத்து மணி இருபது நிமிடம். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு டிரங்க் காலுக்கும் சீட்டில் நேரம் குறிப்பதுதான் என் பிழைப்பு. ஒரு பருத்தி வியாபாரிக்கு விருதுநகரைப் போட்டுக் கொடுத்து, சீட்டில் 10.20 என்று எழுதிப் பேனாவை மூடக்கூட இல்லை; எங்கள் தெரு மளிகைக் கடையின் எண்ணுக்கு மேலிருந்த சின்ன மூடி இணைப்புப் பலகையில் டக்கென்று விழுந்தது, அங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்று.

“நம்பர் ப்ளீஸ்.”

“நம்பர்லாம் வேண்டாம்மா, நீதான் வேணும்,” என்றார் கடைக்கார அண்ணாச்சி. “ஒம் பிள்ளைக்கு வாந்தியாம். கழிச்சலும் போகுதாம். பெட்டி ஒட்டுத பிள்ள இங்கன வந்து மூச்சு வாங்க நிக்கி.”

“எத்தன தடவ அண்ணாச்சி?”

அவர் திரும்பிக் கேட்பது காதில் விழுந்தது. “ஏட்டி, எத்தன தடவ போச்சு?” பிறகு என்னிடம், “நீ வேலைக்குப் போனபொறவு அஞ்சு தடவையாம்மா. வாந்தி ரெண்டு.”

“தண்ணி ஒரு சொட்டுக்கூடக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. வயித்தக் காயப் போடணும். நான் டாக்டரோட வாரேன்.”

அண்ணாச்சி அதை அப்படியே சத்தமாகச் சொல்லி அனுப்பினார். வாந்தியும் கழிச்சலும் எங்கள் கோவில்பட்டிக்குச் சித்திரை மாதத்தில் புதிதில்லை. அன்றைக்குக் காரியம் கெட்டது நான் சொல்லியனுப்பிய அந்த ஒரு வார்த்தையால்தான்.

இது நடந்து ஐந்து வருஷமாகிறது. எண்பதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. எனக்கு நாற்பத்தொரு வயது, என் மகளுக்கு நாலு முடியவில்லை. கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவள். அவள் தும்மினால் நான் எழுந்து உட்காருவேன். “ஒத்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு ஒம்பது பிள்ளைக்காரி மாதிரி அல்லாடுதா” என்று என் காதுபடவே சொல்வார்கள். ஒன்பது பிள்ளைக்காரிக்கு அல்லாட நேரம் கிடைக்காது என்பது சொன்னவர்களுக்கும் தெரியும்.

ஒரே வாசலுக்குள் ஆறு வீடுகள் இருந்த வளவு அது. தெருவைப் பார்த்த முதல் வீடு எங்களுடையது. என் கணவர் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர். அந்த வாரம் பரீட்சைத் தாள் திருத்தப் பாளையங்கோட்டை போயிருந்தார். கடைசி வீட்டில் இருந்தவள் தீப்பெட்டி ஒட்டுகிறவள். முப்பது வயதிருக்கும். புருஷனுக்கு மணியாச்சிப் பக்கம் தண்டவாள வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருவான். பசைத் தகரம் ஒருபுறம், ஒட்டிக் காயப்போட்ட பெட்டிகள் மறுபுறம், நடுவில் அவளும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் என் மகளும் அந்தப் பெட்டிக் குவியலுக்குள்தான் கிடப்பாள். பசை வாசனையோடு அவளைத் தூக்கி முத்தமிட்டு எனக்குப் பழகிவிட்டது.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் எட்டு நாளைக்கொருமுறை வந்தது. வரும் நாள் கல்யாண வீடு மாதிரி. பித்தளைக் குடம், எவர்சில்வர் குடம், புதிதாக வந்திருந்த பிளாஸ்டிக் குடம் எல்லாம் வரிசையில் நிற்கும். பெண்கள் சண்டை போட்டுக்கொண்டே சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே சண்டை போடுவார்கள். தண்ணீருக்கு வேகம் கிடையாது. தரைக்கு மேலே நிற்கும் குழாயில் சொட்டுத்தான் விழும். அதனால் அவரவர் வாசலில் ஒரு குழி தோண்டி, குழாயை அறுத்து, குழியின் அடியில் திருகுக் குழாய் வைத்துக்கொள்வோம். குழி ஆழமாக ஆழமாகத் தண்ணீர் கூடுதலாக வரும். யார் வீட்டுக் குழி ஆழம் என்பதில் தெருவுக்குள் பெரிய போட்டி. எங்கள் குழிக்கு என் கணவர் சிமெண்ட் பூசி, மூன்று படி கட்டி, மேலே பலகை மூடியும் போட்டிருந்தார். ‘சார் வீட்டுத் தெப்பக்குளம்’ என்று அதற்குப் பெயர். நாங்கள் பிடித்து முடித்த பிறகு வளவில் மற்றவர்களும் அதில் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் அனுமதி கொடுத்திருந்தேன். அனுமதி கொடுக்கும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

தெருக்கோடியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் பங்களா. தீப்பெட்டிக் கம்பெனியை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பங்களாவில் தண்ணீர்க் குழாயோடு மின்சார மோட்டாரைச் சேர்த்திருந்தார்கள். அது உர்ரென்று கிளம்பியதும் எங்கள் குழாய்களில் தண்ணீர் நின்றுபோகும். நிற்பதோடு போகாது, உள்ளே மூச்சை இழுக்கும். என் மகளுக்கு அது ஒரு விளையாட்டு. தீப்பெட்டி லேபிள் ஒன்றைக் கொண்டுபோய்க் குழாய் வாயில் காட்டுவாள். சப்பென்று ஒட்டிக்கொள்ளும். “எம்மா, கொழாய் முத்தம் குடுக்கு!” என்பாள். நானும் கை தட்டுவேன். பி.யு.சி. வரை படித்தவள் நான். குழாய் காகிதத்தை இழுக்கிறது என்பது தெரிந்தது. குழிக்குள் எப்போதும் தேங்கி நின்ற கலங்கல் நீரையும் அதே மாதிரி இழுக்கும் என்பது தோன்றவில்லை. அந்தக் கலங்கலில் தெருச் சாக்கடையும் கசிந்து சேர்ந்திருந்தது. மறுபடி தண்ணீர் வரும்போது முதலில் வந்ததெல்லாம் அதுதான்.

காய்ச்சிக் குடிக்க எனக்கு வசதி இருந்தது. இரண்டு திரி ஸ்டவ்வும் மண்ணெண்ணெயும் இருந்தன. ஆனால் குழாயில் வருவது சுத்தமானது என்பது எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களின் நம்பிக்கை. உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்களைப் பார்த்து இரக்கப்படுவோம். பெட்டி ஒட்டுகிறவளுக்கோ ரேஷன் மண்ணெண்ணெய் விளக்குக்கே காணாது. கடைசியாகத் தண்ணீர் வந்த இரண்டாம் நாள் அவளுடைய பிள்ளைகள் இருவருக்கும் வயிற்றுக்குப் போக ஆரம்பித்தது. மூன்று நாளில் எழுந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எப்படி எழுந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. “அதுகளுக்கெல்லாம் இரும்பு ஒடம்பு” என்று என் கணவரிடம் சொன்னேன்.

எக்ஸ்சேஞ்சில் அன்று அண்ணாச்சி வைத்ததும் டாக்டர் எண்ணைப் போட்டேன். குழந்தை வைத்தியத்துக்குப் பெயர் போன டாக்டர் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான். அவருடைய கம்பவுண்டர் எடுத்தார்.

“டாக்டர் மொதலாளி பங்களாவுக்குப் போயிருக்காவ. பேரனுக்கு வயித்துக்குச் சரியில்ல. இப்ப வந்துருவாவ. நீங்க பிள்ளைய வெயில்ல தூக்கிட்டு அலையாதீங்க. வந்ததும் நேரா அங்கன அனுப்புதேன்.”

பங்களாவைப் போட்டேன். அங்கிருந்த கணக்கர் ராகம் போட்டுப் பேசினார். “மொத பாட்டில் ஏறிக்கிட்டிருக்கு. முடியாம அவுகள அனுப்ப முடியாதும்மா.”

பாட்டில் என்றால் குளுக்கோஸ் பாட்டில். எங்கள் ஊரில் அப்போது வியாதியின் மரியாதையே எத்தனை பாட்டில் ஏற்றினார்கள் என்பதில்தான் இருந்தது. விசாரிக்க வருகிறவர்கள் என்ன வியாதி என்று கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள். ஒன்று என்றால் சுமாரான குடும்பம். மூன்று என்றால் பெரிய இடம். பெரியாஸ்பத்திரியிலும் அதே பாட்டில்தான் ஏற்றுவார்கள், காசு வாங்காமல். அங்கே போவது கையில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு என்று நானாக வைத்திருந்தேன். என் பிள்ளையை அந்த வரிசையில் போட மனம் வரவில்லை. இதை வெளியே சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் அன்று அவள் உயிரோடு விளையாடியதில் பாதி என்னுடைய இந்த வறட்டுக் கௌரவம்.

எங்கள் சூப்பர்வைசர் என் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார். “நீ வீட்டுக்குப் போ. டாக்டர நான் புடிக்கேன். பங்களாக்காரவுக எந்த ஊருக்குப் பேசணும்னாலும் என்னத் தாண்டித்தான பேசணும்? டாக்டர அனுப்புதவரைக்கும் லைன் கெட்டுப்போச்சுன்னு சொல்லிருதேன்.”

போகிற வழியில் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். எத்தனை பாட்டில் ஆனாலும் ஏற்றிவிடுவது என்று.

பதினொரு மணிக்கு வளவுக்குள் நுழைந்தேன். என் மகள் முற்றத்து நிழலில் ஒரு சாக்கில் கிடந்தாள். பெட்டி ஒட்டுகிறவள் மடியில் அவள் தலை. ஒரு கையில் டம்ளர், மறு கையில் கரண்டி. கரண்டி வாய்க்கு அருகில் இருந்தது.

டம்ளரைப் பிடுங்கி முற்றத்தில் கொட்டினேன். சித்திரை வெயிலில் அந்த ஈரம் நாலு எண்ணுவதற்குள் காய்ந்துபோயிற்று.

“படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனேன்லா? ஒரு சொட்டுக்கூடக் கூடாதுன்னு?”

“யக்கா, போறது பூராம் தண்ணியாப் போகுது. உள்ள குடுக்கலன்னா பிள்ள காஞ்சு போவும்.”

“ஒனக்கு என்ன தெரியும்?”

அவள் எழுந்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். சற்று நேரத்தில் அங்கிருந்து பெட்டிகளை வீசும் சத்தம் வந்தது, வழக்கத்தைவிட வேகமாக.

நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு டாக்டருக்குக் காத்திருந்தேன். அண்ணாச்சி கடையை அப்படியே விட்டுவிட்டு மூன்று முறை ஓடி வந்தார். முதல் முறை, “வந்துக்கிட்டே இருக்காராம்.” இரண்டாம் முறை, “ரெண்டாவது பாட்டில் போட்டாச்சாம், இது முடிஞ்சதும் வாராராம்.” மூன்றாம் முறை வாசலிலேயே நின்றுகொண்டு கையை விரித்தார்.

“எம்மா, தண்ணி,” என்றாள் மகள். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தேன். துணியைப் பற்களால் பிடித்துக்கொண்டு சப்பினாள். பிடுங்கினதும் அழுதாள். அரைமணி கழித்து மறுபடி, “தண்ணி.” துடைத்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டாளே, வயிறு அமர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று ஐந்து நிமிஷம் சந்தோஷப்பட்டேன் நான். அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குளிர்கிறது. கண் குழிந்து போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளினபடியே நின்றது.

ஒரு மணி வாக்கில் அவள் வந்தாள், பெட்டி ஒட்டுகிறவள். இடுப்பில் பெரிய செம்பு, கையில் கரண்டி. எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“யக்கா, நீங்க அடிச்சாலும் சரி, வளவ விட்டு வெரட்டுனாலும் சரி. நான் குடுக்கத்தான் போறேன். பொறவு என்ன வேணும்னாலும் செய்யுங்க.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“எனக்கு மொத பிள்ள ஒண்ணு இருந்துச்சுலா. நீங்க இந்த வளவுக்கு வருததுக்கு முந்தி. அதுக்கும் இப்படித்தான். வயித்தக் காயப் போடுன்னாவ, போட்டோம். நாலு ஆட்டையும் வித்து மூணு வைத்தியரப் பாத்தோம். ஊசி மேல ஊசி. தண்ணி தண்ணின்னு கேட்டா. நான் குடுக்கல யக்கா. ஆடு இருக்கவரைக்கும் ஊசி போட்டாவ. ஆடும் தீந்துச்சு, பிள்ளையும் போயிட்டா.” அவள் அழவில்லை. கரண்டியைத் தரையில் தட்டினாள். “அதுக்குப் பொறவுதான் நர்சம்மா ஒருத்தி எங்க ஆபீசுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வந்து இதச் சொல்லிக் குடுத்தா. ஒத்த ஊசி கெடையாது. எம் பிள்ளைய ரெண்டும் இதத்தான் குடிச்சுது. ஒங்களுக்கு டாக்டர் வந்தா வரட்டும். அதுவரைக்கும் பிள்ள இருக்கணும்லா?”

நான் மகளை அவள் பக்கம் நீட்டினேன்.

“காய்ச்சி ஆறவச்ச தண்ணி இதுல இருக்கு. சீனி ஒங்க வீட்ல இருந்து எடுத்துட்டு வாங்க. என்கிட்ட இருந்தது காலைல நீங்க கொட்டுனதோட தீந்துபோச்சு.”

சீனி டப்பாவோடு ஓடி வந்தேன். அவள் முற்றத்தில் காயப்போட்டிருந்த தன் குவியலிலிருந்து புதிதாக ஒட்டிய ஒரு தீப்பெட்டியின் உள்பெட்டியை, குச்சி அடுக்கும் அந்தச் சின்னத் தட்டை எடுத்தாள். சீனியை அள்ளி, ஒரு குச்சியால் மேலே வழித்து மட்டம் செய்து செம்பில் கொட்டினாள். இரண்டு முறை.

அந்த நிலையிலும் எனக்கு ஒரு சந்தேகம். “கரண்டியால அளந்தா என்ன?”

“கரண்டி வீட்டுக்கு வீடு மாறும் யக்கா. பெட்டி மாறாது. ஒரு நூல் கூடிச்சுன்னா ஆபீஸ்ல கழிச்சு எறிஞ்சுருவாவ. நர்சம்மாவுக்கே இது நாங்க சொல்லிக் குடுத்ததுதான்.”

பிறகு மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு. கலக்கி, ஒரு கரண்டி எடுத்து என்னிடம் நீட்டினாள். “கண்ணீரவிட உப்பாருக்கக் கூடாது. ருசி பாருங்க. ஒங்களுக்குத்தான் இப்ப ரெண்டும் கைவசம் இருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த வாயோடு அதைக் குடித்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஒரு கரண்டி கொடுத்தோம். கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று. நாலாவது கரண்டி வாந்தியாக வந்துவிட்டது. நான் தலையில் கை வைத்தேன். “போனது போவட்டும். பத்து நிமிசம் விட்டு, பைய மறுபடி குடுப்போம்,” என்றாள் அவள். என் கைப்பைக்குள் டிரங்க் கால் சீட்டுக் கட்டு கிடந்தது. பழக்க தோஷம், எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டேன். 1.25, இரண்டு கரண்டி. 1.40, வாந்தி. 1.50, ஒரு கரண்டி. வளவின் மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி என் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “எந்த ஊருக்கு டிரங்க் கால் போட்டிருக்கீங்க?” என்றாள். “இவ வயித்துக்குத்தான். லைன் கெடைக்க மாட்டேங்குது,” என்றாள் பெட்டி ஒட்டுகிறவள், கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டே முக்காலுக்கு மகள் கண்ணைத் திறந்தாள். செம்பைப் பார்த்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தாள். பெட்டி ஒட்டுகிறவளின் பையன் சீனி டப்பாவுக்குள் விரல் விட்டுக்கொண்டிருந்தான்.

“அவனுக்குக் குடுக்காத. எனக்கு,” என்றாள்.

“வாயி வந்துட்டு! இனிமே வயிறும் வந்துரும்,” என்று யாரோ தொடையில் தட்டிச் சிரித்தார்கள். கரண்டி போய் டம்ளர் வந்தது. அவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். கழிச்சல் நின்றபாடில்லை, ஆனால் போவதற்குச் சரியாக உள்ளேயும் போய்க்கொண்டிருந்தது.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு,” என்றாள் பெட்டி ஒட்டுகிறவள் மெதுவாக. “ஒண்ணுக்குப் போகணும். காலைலருந்து போகல. போயிட்டான்னா கரையேறியாச்சு.”

இப்படி ஒரு விஷயத்துக்கு ஒரு வளவே காத்துக் கிடந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. “போம்மா ராசாத்தி, போ” என்று கொஞ்சினார்கள். ஒருத்தி வாயால் உஸ்ஸென்று சத்தம் போட்டாள். “தண்ணி வாற அன்னைக்குக் கொழாகிட்டப் போடுத சத்தத்த இங்கன போடாதட்டி, பயந்துரும்” என்று இன்னொருத்தி அதட்டினாள்.

மூன்று ஐம்பதுக்கு என் மடி சூடாயிற்று. அலுவலகத்துக்குக் கட்டிப் போன வெளிர்நீலச் சேலை, இடுப்பிலிருந்து முழங்கால் வரை நனைந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், அசைந்தால் நின்றுவிடுமோ என்று.

“யக்கா! போயிட்டா! ஒண்ணுக்குப் போயிட்டா!”

ஒருத்தி குலவை போட்டாள். உடனே எல்லாரும் சேர்ந்து போட்டார்கள். பொங்கல் வைக்கும்போது பானை பொங்கினால் போடும் அதே குலவை. அண்ணாச்சி கடையிலிருந்து மறுபடி ஓடி வந்தார். “என்னம்மா, டாக்டர் வந்தாச்சா?”

“டாக்டர் வரல அண்ணாச்சி. மூத்திரம் வந்துட்டு!”

அவர் கையில் கடலை மிட்டாய். என் மகள் கை நீட்டினாள். “இன்னைக்குக் கெடையாது” என்று அவள் கையை மடக்கிவிட்டு, பெட்டி ஒட்டுகிறவள் அதைத் தன் பிள்ளைகளுக்கு உடைத்துக் கொடுத்தாள். என் மகள் வீல் என்று அழுதாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. காலையில் அழும்போது கண்ணீர் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணாச்சி பங்களாச் செய்தியும் கொண்டுவந்திருந்தார். அங்கே பேரனுக்கு மூன்றாவது பாட்டில் ஏறுகிறதாம், அவனும் தேவலையாம், அதே கழிச்சல்தானாம்.

“ஒரே கொழாயில்லா,” என்றாள் பெட்டி ஒட்டுகிறவள். “மொதலாளி வீட்டுக்கும் நமக்கும் ஒரே கழிச்சல். கூலிதான் வேற வேற. பரவால்லையே, இதுலயாவது ஒண்ணுபோல பங்கு வச்சுருக்காவ.”

அவள் சொன்ன பிறகுதான் குழாய் என்ற சொல் என் மண்டைக்குள் போய் உட்கார்ந்தது. லேபிளை இழுத்த குழாய். முத்தம் கொடுக்கிற குழாய். எழுந்து போய்ப் பலகை மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று படிகளில் இரண்டு கலங்கலுக்குள் இருந்தன. அவளுடைய பிள்ளைகள் கழிச்சலில் விழுந்ததும் இந்தக் குழியால்தான். நான் அனுமதி கொடுத்த குழி. அவளிடம் அதைச் சொன்னேன். “தெரியும் யக்கா,” என்றாள். “வேற எங்கன போயிப் புடிக்க?” அதற்கு மேல் அவள் அதைப் பேசவில்லை, அன்றைக்கும் சரி, பிற்பாடும் சரி.

தெப்பக்குளத்தை என் கணவரே மண் போட்டு மூடினார். அவர் கட்டிய படிகளை அவரே உடைத்தது அவருக்கு வருத்தம்தான். தெருவில் மற்ற குழிகள் ஒரேயடியாக மூடப்படவில்லை. பங்களா மோட்டாரும் அப்படியேதான் இருந்தது. அதைப் பற்றி நாங்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம், இன்னும். வளவில் மட்டும் ஆறு வீட்டுக்கும் ஒரே பெரிய பானை. அண்டைக் கிராமத்து வண்டியில் அடுப்பெரிக்கப் பருத்திமார் வாங்கிப்போட்டு முறை வைத்துத் தண்ணீர் காய்ச்சுகிறோம். பருத்திமாருக்கு என் சம்பளத்திலிருந்து கூடுதலாகக் கொடுக்கிறேன். தர்மம் என்று யாராவது சொன்னால் பெட்டி ஒட்டுகிறவள் முறைப்பாள். “கொட்டுன சீனிக்கு ஈடு” என்பாள். என் கைப்பையில் பேனாவோடு ஒரு காலி உள்பெட்டி எப்போதும் கிடக்கிறது. மகள் இப்போது நாலாம் வகுப்பு. ஒரே நாளில் இரண்டு முறை அவள் கொல்லைப்பக்கம் போனால் என் கை தானாகச் சீனி டப்பாவுக்குப் போகிறது. “எம்மா, சும்மா கை கழுவப் போனேன்,” என்று திட்டுகிறாள்.

அன்று டாக்டர் வந்தபோது ஐந்து மணி பத்து நிமிடம். சீட்டில் குறித்திருக்கிறேன். பங்களாக் காரில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், எப்போதும் வேகமாக நடப்பவர். அன்று மெல்ல நடந்து வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பெட்டி ஒட்டுகிறவள் செம்பைத் தூக்கிக்கொண்டு பெட்டிக் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

டாக்டர் பிள்ளையின் நாக்கைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். அது பட்டென்று படிந்தது.

“என்ன குடுத்தீங்க?”

நான் குவியலைக் காட்டினேன். அவள் தலையை மட்டும் நீட்டி, “சீனித் தண்ணி டாக்டரய்யா. செம்புக்கு ரெண்டு உள்பெட்டி, மூணு விரல் உப்பு. காய்ச்சுன தண்ணிதான்,” என்றாள், திட்டு வாங்கத் தயாராக.

அவர் தலையை ஆட்டினார். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சங்கிலியைக் கையில் எடுத்தேன். “எத்தன பாட்டில் ஏத்தணும் டாக்டர்?”

“ஒண்ணும் வேண்டாம்மா. அதக் கழுத்துல போடுங்க. இதையே விடாம குடுங்க, கஞ்சியும் குடுங்க. வாந்தி நிக்கலன்னாலோ பிள்ள சோர்ந்து போனாலோ எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காதீங்க, நேரா பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருங்க.”

சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார். பிறகு அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த மரப்பெட்டியில் மெதுவாக உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வளவுப் பெண்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குவியலுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அந்தச் செம்புல மிச்சம் ஏதும் இருக்காம்மா? எனக்கும் காலைலருந்து ஆறு தடவ ஆயிட்டு. பங்களாவுல கேக்க வெக்கமா இருந்துச்சு.”